சிவபாக்கியம் ஏறிய பஸ்

செய்தி வந்தபோது நூற்று ஐந்து மணி நேரம் இருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணி. காமராஜபுரம் நிறுத்தத்தில் கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் செம்பாக்கம் வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. படத்தில் அம்மா இருந்தாள்.

சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த ஃபோட்டோ. அம்மாவின் பக்கத்தில் நின்ற என்னை வெட்டியிருந்தார்கள். என் தோள் மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தது: “ஞாயிறு மாலை நான்கு மணி. நூலகக் கூடம். ‘நான் கேட்ட நாவல்.’ பேசுபவர் திருமதி கீதா சுகுமார்.”

கேட்ட நாவல் என்பது சரிதான். அம்மா அதைப் படித்ததில்லை. நான் சத்தமாகப் படிக்க, அவள் கேட்டாள். முந்நூற்று நான்கு பக்கம். அதில் கடைசி அறுபத்து நான்கு பக்கத்தை நான் படிக்கவே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த முடிவு அந்தப் புத்தகத்தில் இல்லை. அதை நான்தான் உட்கார்ந்த இடத்தில் இட்டுக்கட்டிச் சொன்னேன். எட்டு வருடமாகிறது. அம்மாவுக்கு இது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை புத்தகம் படித்த ஆட்களின் நடுவில் நின்று அவள் அந்த முடிவைச் சொல்லப்போகிறாள்.

வேன் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திருமுடிவாக்கம் போய்ச் சேரும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறாள். தறியிலிருந்து வரும் பட்டுப் புடவையின் முந்தானை ஓரத்தில் நூல் தொங்கும். அதைப் பிடிபிடியாகப் பிரித்து, முடிச்சுப் போட்டு, மேலே கலர் நூல் சுற்ற வேண்டும். ஒரு புடவைக்கு எண்பது, தொண்ணூறு குஞ்சம் வரும். கண்ணை எடுத்தால் ஒரு முடிச்சு மேலே ஏறிவிடும், ஒன்று கீழே இறங்கிவிடும்.

அம்மா பத்தாவது வரை படித்தவள். மிக்சர் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கசக்குவாள். குஞ்சம் கட்ட ஆரம்பித்ததும் அவளுடைய கையும் கண்ணும் அதற்கே போயின. காது மட்டும் மிச்சம் இருந்தது. நான் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

“நீ படி. நான் கட்டறேன்.”

சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. ஜன்னல் கம்பியில் புடவை ஓரத்தைக் க்ளிப் போட்டு இழுத்துக் கட்டி, அம்மா கீழே உட்காருவாள். நான் சுவரில் சாய்ந்துகொள்வேன். சாதா குஞ்சம் என்றால் ஒரு புடவைக்கு மூன்று அத்தியாயம் ஆகும். மணி கோத்தது என்றால் ஆறு. தை மாதமும் ஆவணியும் முகூர்த்தம் அதிகம் என்பதால் நிறையப் புத்தகம் முடியும். மார்கழியில் மெதுவாகப் போகும்.

அம்மாவுக்குப் புத்தகத்தின் பெயர்கள் நினைவில் நிற்காது. புடவைதான் நிற்கும்.

“அந்தக் கெழவன் கிணத்தடியில செத்துப்போவானே, அது எந்தக் கதடி? மயில்கழுத்துக் கலர், பாலாஜி நகர் பொண்ணோடது.”

எனக்குப் புரிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் என் குரல் யாருக்கும் கேட்காது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது “உள்ளேன் டீச்சர்” என்று நான் சொல்வது முதல் பெஞ்சுக்கு அப்பால் போகாது. ஜான்சி என்று ஒரு தோழி இருந்தாள். அவள்தான் எனக்காகக் கையைத் தூக்கி “வினிதா வந்திருக்கா மிஸ்” என்பாள். ஆனால் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் நான் வேறு ஆள். கிழவனுக்குக் கரகரத்த குரல். மாமியாருக்கு மூக்கால் பேசும் குரல். போலீஸ்காரனுக்கு அப்பாவின் குரல். அம்மா சிரித்துச் சிரித்து நூலை விட்டுவிடுவாள். “ஐயோ, எண்ணிக்கை போச்சு, இரு இரு” என்பாள்.

அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் வேலை. ஆறரைக்கு வந்து, வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

“இன்னா, கதை எங்க போய்கினு கீது? அந்தாளு அவள இட்டுகினு போனானா இல்லியா?”

“நேத்தே போய்ட்டாங்க. இன்னிக்கு போலீஸ் வந்துடுச்சு” என்பாள் அம்மா.

“அதான் வாசல்லேர்ந்தே என் குரல் கேட்டுச்சா?” என்பார் அப்பா.

ப்ளஸ் டூ வந்தபோது அம்மா ஒரு டைம்டேபிள் எழுதி பீரோவில் ஒட்டினாள். காலை நாலரை கணக்கு. மாலை நாலரை இயற்பியல். ஏழு மணி வேதியியல். இடையில் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை இருந்த கட்டத்தில் “கதை” என்று எழுதியிருந்தாள். அதை மட்டும் சிவப்புப் பேனாவில்.

அத்தை அதைப் பார்த்துவிட்டாள். கங்கம்மா அத்தை அப்பாவுக்கு அக்கா. வந்தால் பீரோ வரைக்கும் வந்து பார்ப்பாள்.

“ஏ கீதா, பொண்ணு பாஸாவணுமா, இல்ல உனக்கு ரேடியோவா இருக்கணுமா?”

மறுநாள் அம்மா ஐந்தரைக்குப் புடவையை இழுத்துக் கட்டிவிட்டு, “நீ உள்ள போய்ப் படி வினி. பரீட்சை முடியட்டும்” என்றாள். நான் உள்ளே போனேன். வேதியியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடத்தில் நூல் அறுபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதை இல்லாமல் அம்மாவின் கை மெதுவாகத்தான் போயிற்று. இருபது நிமிடத்தில் வெளியே வந்து புத்தகத்தை எடுத்தேன். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அதன் பிறகு கதைக்கு நேரமில்லை என்று அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அத்தை ஜெயித்த மாதிரி ஆகும். அம்மா மறுபடி கேட்கவே மாட்டாள்.

அப்போது படித்துக்கொண்டிருந்ததுதான் சிவபாக்கியம் கதை. கடலோர ஊர் ஒன்றில், செத்துப்போன அக்காவின் இரண்டு பெண்களை வளர்க்கிறவள் சிவபாக்கியம். ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அண்ணன் தன் ஊருக்கு வரச்சொல்கிறான். அங்கே ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகப் பேசி வைத்திருக்கிறான். இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் அவள் ட்ரங்குப் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வரவேண்டும். ஒன்று அண்ணன் ஊருக்குப் போவது, இன்னொன்று ஐஸ் கம்பெனிக்கு.

அன்றைக்கு மாசி மாதம். அரக்குக் கலர் பட்டு, மூன்று அடுக்குக் குஞ்சம், பெருங்களத்தூர் கல்யாணம். புடவை அன்றே போக வேண்டும். எனக்கு மறுநாள் காலை வேதியியல் ப்ராக்டிகல். உப்புப் பகுப்பாய்வை இன்னொரு முறை பார்க்க வேண்டும். மணி ஐந்து நாற்பது. அறுபத்து நான்கு பக்கம் படித்து முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிடும்.

அம்மா சொன்னாள். “இன்னிக்கு முடிச்சிடலாம்டி. அவ எதுல ஏறப்போறான்னு தெரியாம எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல.”

பக்கத்தைத் திருப்பினேன். எழுத்தைப் பார்த்தபடியே நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஐஸ் கம்பெனி பஸ் வந்தது. சிவபாக்கியம் ஏறினாள். கண்டக்டர் பெட்டியை மேலே போட்டான். அவள் கணக்கெழுதினாள். முதலாளி முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினார். பெரியவள் காலேஜுக்குப் போனாள். கல்லூரி வாசலில் சிவபாக்கியம் அவளை இறக்கிவிட்டு நிற்கிறாள். அங்கே முடித்தேன். இடையிடையே பக்கத்தைத் திருப்பவும் செய்தேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

அம்மாவின் கை நின்றுவிட்டது. முந்தானையில் இன்னும் பதினோரு பிடி கட்டாமல் கிடந்தது.

“அப்பாடா, ஏறிட்டா” என்றாள்.

ப்ராக்டிகலில் எனக்கு முழு மதிப்பெண்.

அந்தப் பொய்யால் மதிப்பெண்ணும் கெடவில்லை, அதன் பிறகு வந்த பி.எஸ்ஸியும் கெடவில்லை. இப்போது ஒரு பெயிண்ட் கம்பெனி லேபில் வேலை. வாரத்தில் ஆறு நாள். மாலையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஞாயிறு காலையில் மாதிரித் தேர்வு. ஒரு நாளில் எதைக் குறைக்கலாம் என்று பார்க்கும்போதெல்லாம் கதைதான் குறைந்தது. முதலில் ஒரு மணி நேரம் அரை மணி ஆனது. பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். மூன்று வருடமாக இல்லவே இல்லை. நான் வேனில் ஃபோனில் எனக்காக ஏதாவது படிப்பேன், மௌனமாக. அம்மா ஃபோனில் யாரோ படித்துப் பதிவேற்றிய கதைகளைக் கேட்டபடி கட்டுகிறாள்.

“இந்தப் பொண்ணு மூச்சே விட மாட்டேங்குது வினி. எல்லாரும் ஒரே குரல்ல பேசறாங்க. கெழவன் கூட.”

“ஸ்பீட கொறச்சுக்கோம்மா.”

“கொறச்சா குடிச்சிட்டுப் பேசற மாதிரி கீது” என்றார் அப்பா.

வாசகர் வட்டத்தின் ராஜகோபால் சார் போன மாதம் மகள் கல்யாணப் புடவையை வாங்க வந்தார். கடைசிப் பத்துக் குஞ்சம் பாக்கி இருந்தது. அவரை உட்காரவைத்து, சும்மா இருக்க முடியாமல் அம்மா சிவபாக்கியம் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் புடவையை மறந்துவிட்டார். இத்தனை வருடம் கேட்டே நூற்று நாற்பது நாவல் முடித்த ஒருவர் நம் ஊரில் இருக்கிறார் என்று குழுவில் எழுதினார். அவர் அந்த நாவலைப் படித்ததில்லையாம்.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மா அடுப்படியில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தக் கதை இருக்கே.”

“பேசாத. பெரியவளுக்கு ஜுரம் வர எடத்துல இருக்கேன். விட்டா மறந்துடும்.”

பருப்பை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாண வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

“ஏன்டி, மைக் இருக்குமா?”

“சின்ன ஹால்தான்மா. இருக்காது.”

“நல்லவேளை” என்றவள், கொஞ்சம் கழித்து, “இருந்தாலும் பரவால்ல” என்றாள்.

நான் தட்டை எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். வெட்கமாக இருந்தாலும் என் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகம் நூலகத்தில் ஒரே பிரதி. அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டால் ஞாயிறுக்குள் யாரும் அதைப் படிக்க முடியாது. எப்போதோ படித்தவர்களுக்கு முடிவு மறந்திருக்கும்.

நூலகர் பதிவேட்டைப் பார்த்தார்.

“தபீதாள் டீச்சர் நேத்தே எடுத்துட்டாங்கம்மா. உங்கம்மா பேசப்போறாங்கன்னு மறுபடி படிக்கணுமாம்.”

வெள்ளிக்கிழமை நூலகம் கிடையாது. லேபில் ஒரே பெயிண்ட் மாதிரியை இரண்டு முறை சோதித்தேன். இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தது.

சனிக்கிழமை அரை நாள். அஸ்தினாபுரத்தில் தபீதாள் டீச்சர் வீட்டைத் தேடிப் போனேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. நான் அவரிடம் படித்ததில்லை. கூட்டங்களில் அவர் பேசுவதைக் கடைசி வரிசையிலிருந்து கேட்டிருக்கிறேன். கதவைத் திறந்தபோது மூக்குக் கண்ணாடியில் ஒரு விரலும் புத்தகத்துக்குள் ஒரு விரலுமாக நின்றார்.

“கீதா பொண்ணுதானே நீ? உள்ள வா. உனக்கு வாய் இருக்கான்னு நாங்க எல்லாரும் பேசிக்குவோம்.”

சிரித்தேன்.

“இந்தப் புக்கு வேணுமா? நாளைக்குத் தரேனே. இன்னும் ஒரு அறுபது பக்கம். பஸ் ஸ்டாண்டுல நிக்கறா பாவம். காலைல சர்ச்சுக்குப் போயிட்டு வந்து முடிச்சிடுவேன்.”

“முன்னாடி படிச்சிருக்கீங்கதானே டீச்சர்?”

“முப்பது வருஷமாச்சு. முடிவு சுத்தமா மறந்துபோச்சு. ஒக்காரு, டீ போடறேன்.”

புத்தகத்தை மேசையில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். நான் எடுத்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு இருநூற்று நாற்பத்து ஒன்றாம் பக்கத்தை முதல்முறையாகப் படித்தேன். டீச்சர் டீயை வைத்துவிட்டு, நான் படிப்பதைப் பார்த்துப் பால்கனியில் போய்த் துணி மடித்தார். டீ ஆறிப்போயிற்று.

அண்ணன் ஊர் பஸ் வருகிறது. சிவபாக்கியம் அதில் ஏறிவிடுகிறாள்.

கல்யாணம் நடக்கிறது. அவன் கெட்டவனில்லை. நல்லவனுமில்லை. இருபது வருடம் போகிறது. அக்காவின் பெரிய மகள் ஒரு நாள் பார்க்க வருகிறாள். சாப்பிடும்போது கேட்கிறாள், அன்றைக்கு ஏன் இந்தப் பஸ்ஸில் ஏறினாய் என்று. சிவபாக்கியம் யோசிக்கிறாள். “மழை பெய்ஞ்சுது. இதுதான் முதல்ல வந்துச்சு” என்கிறாள். பிறகு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடுகிறாள். அவ்வளவுதான் நாவல்.

நான் சொன்ன கதையில் மழையே கிடையாது.

என் முடிவு ஒரு பள்ளி மாணவி அவசரத்தில் எழுதிய விடைத்தாள் மாதிரி இருந்தது. இது வேறு. இந்தச் சோற்றை அம்மா கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நூலைக் கீழே வைத்துவிட்டு, “இரு, மறுபடி படி” என்றிருப்பாள். நான் அவளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருந்தது.

“ஏன்மா கண்ணு கலங்குது? செத்துப்போயிட்டாளா?” என்றார் டீச்சர். “சொல்லிடாத, நான் படிக்கணும்.”

ஞாயிறு மதியம். இன்னும் மூன்று மணி நேரம். மாதிரித் தேர்வுக்கு நான் போகவில்லை. அம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை. கட்டிலில் மூன்று புடவையைப் பரப்பி வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் குஞ்சம் கட்டுகிறவளின் புடவை ஒன்றில்கூடக் குஞ்சம் இல்லை.

அப்பா வாசலில் ஷேவ் செய்துகொண்டிருந்தார். “நான் கேரம் டோர்னமெண்ட்ட வுட்டுட்டு வரேன். ஃபைனலு. நீ பாட்டுக்கு நடுவுல நின்னுகினு முழிக்காத கீதா.”

“முழிச்சா நீங்க வந்து சொல்லுங்க, போலீஸ்காரன் குரல்ல.”

அப்பா தெருக்குழாய்க்குப் போனதும் நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அம்மா, இப்ப சொல்லலன்னா லேட்டாயிடும். ஒண்ணு சொல்லணும்.”

“நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மொதல்ல நான் சொல்லிடறேன். அங்க எல்லார் முன்னாடியும் சொன்னா நீ வெக்கப்படுவ.”

அம்மா ஒரு புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

“நீ ப்ளஸ் டூ படிக்கறப்ப உங்கத்தை எக்ஸ்போர்ட் கம்பெனியில உனக்கு வேலை சொல்லி வெச்சிருந்தா. பரீட்சை முடிஞ்ச மறுவாரமே சேரணும். உங்கப்பாவும் சரின்னுட்டாரு. எனக்கு மனசில்ல. ஆனா என்னா சொல்லி வேணாங்கறது? நான் என்னா படிச்சிருக்கேன்? அப்பதான் நீ அந்தக் கதைய முடிச்ச. அவ அந்த பஸ்ல ஏறினா பாரு, பெரியவள காலேஜ் வாசல்ல வுட்டா பாரு. மறுநாள் நீ ப்ராக்டிகல் போயிருக்கச்சே உங்கப்பா கிட்ட சொல்லிட்டேன். வினிதா வேலைக்குப் போவாது, காலேஜுதான்னு. உங்கத்த ஆறு மாசம் எங்கூட பேசல.”

கட்டிலில் கிடந்த பச்சைப் புடவையின் ஓரத்தை நீவினேன்.

“இதத்தான் அங்க சொல்லப்போறேன். புக்கு படிச்சு என்னா ஆவும்னு கேக்கறாங்க இல்ல? எனக்கு ஆச்சு.” புடவையைக் கட்டிலில் வைத்தாள். “நீ என்னா சொல்ல வந்த?”

எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையைப் பற்றி அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. மறுநாள் பரீட்சைக்குப் படிக்க நேரம் வேண்டுமென்பதற்காக நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கிறாள்.

“பச்சைப் புடவை கட்டிக்கோ” என்றேன்.

நூலகக் கூடத்தில் செய்தித்தாள் மேசையை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். பத்தொன்பது பேர். தபீதாள் டீச்சர் முதல் வரிசையில் இருந்தார், மடியில் புத்தகம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். படித்து முடித்துவிட்டார் என்று தெரிந்தது. அப்பா பின்னால் கதவோரம் நின்றுகொண்டார். நானும் வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் போனேன். அம்மா திரும்பிப் பார்த்து, “இங்க வா, பக்கத்துல உக்காரு. மறந்தா நீ எடுத்துக் குடு” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராஜகோபால் சார் இரண்டு வரி அறிமுகம் சொன்னார். அம்மா எழுந்தாள். முதல் ஒரு நிமிடம் மேசையில் இருந்த துணி விரிப்பின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து முடிந்துகொண்டிருந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

எனக்கு நூலகம் மறந்துபோயிற்று. எங்கள் வீட்டு ஜன்னலும் ஐந்தரை மணி வெயிலும் மட்டும் இருந்தன. நான் எங்கே குரலை ஏற்றினேனோ அங்கே அவள் ஏற்றினாள். எங்கே மூச்சு வாங்கினேனோ அங்கே அவளும் வாங்கினாள். அண்ணன் பேசும்போது, அன்றைக்கு எனக்குச் சளி பிடித்திருந்ததால் வந்த அடைத்த குரல்கூட அப்படியே வந்தது. மூன்று வருடமாக நான் கொடுக்காமல் விட்ட சாயங்காலங்களை நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம்தான் அவள் கேட்டது.

“மூணு அடுக்குக் குஞ்சம் சார், அரக்கு கலரு. மொத அடுக்கு கட்டறப்ப அக்கா செத்துப்போயிட்டா. ரெண்டாவது அடுக்குல அண்ணங்காரன் வந்துட்டான். என் கை வேகத்துக்கு அவன் வந்துகினே இருந்தான்.”

கூடம் சிரித்தது. அப்பாதான் எல்லோருக்கும் மேலே சிரித்தார்.

பெட்டியோடு சிவபாக்கியம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவின் குரல் இறங்கியது. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வரி. பிறகு அம்மா அவளை ஐஸ் கம்பெனி பஸ்ஸில் ஏற்றுவாள். முதல் வரிசையில் டீச்சரின் முகம் மாறும். ஒருவர் இன்னொருவரின் காதில் ஏதாவது சொல்வார்.

அம்மா நிறுத்தினாள்.

“இதுக்கு மேல எனக்கு அழுகை வந்துடும் சார். எம் பொண்ணு படிக்கட்டும். படிச்சது அவதான். நான் வெறும் காது.” என் பக்கம் திரும்பினாள். “வினி, எழுந்திரு. நம்ம வீட்டுல படிப்பியே, அந்தக் குரல்ல படி. இவங்கள்லாம் கேட்டதே இல்ல.”

தபீதாள் டீச்சர் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். “இருநூத்தி நாப்பத்தி ஒண்ணு. நல்ல முடிவும்மா. நீ படி.”

எழுந்து வாங்கிக்கொண்டேன். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. அதைப் படித்தால் அம்மா ஒவ்வொரு வரியாக, பத்தொன்பது பேர் பார்க்க, தானாகத் தெரிந்துகொள்வாள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே பழைய முடிவைச் சொன்னால் டீச்சர் ஒருவேளை பேசாமல் இருந்துவிடுவார். இரக்கத்தால். அம்மா வீட்டுக்குச் சந்தோஷமாக வருவாள். இன்னும் எட்டு வருடம் போகும்.

அம்மா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

“சத்தமா வினிதா” என்றார் ராஜகோபால் சார்.

புத்தகத்தை மூடினேன்.

“அம்மா” என்றேன். அது கூடத்தின் கடைசி வரை கேட்டது. அப்பா கதவிலிருந்து நிமிர்ந்தார். அம்மா கண்ணைத் திறந்தாள்.

“இதுக்கு மேல நான் உனக்குப் படிக்கவே இல்லம்மா. மறுநாள் எனக்கு ப்ராக்டிகல் இருந்துச்சு. சிவபாக்கியம் ஐஸ் கம்பெனி பஸ்ல ஏறல. நான்தான் அவள ஏத்திவிட்டேன்.”